தடுப்பு மருந்து யார் சொத்து?



காலராவும் டைபாய்டும் ஆளைப் பார்த்துத்தான் வருகின்றன. மாடி வீட்டுக்காரனுக்கும் வயிறு ஒன்றுதான். ஆனால் அவன் குடிக்கும் தண்ணீர் வேறு, நாம் குடிக்கும் தண்ணீர் வேறு. அவன் வீட்டில் வடிகட்டும் யந்திரம் இருக்கிறது. சமையலுக்குக்கூட கேன் தண்ணீர் வருகிறது. செல்லூரிலும் கரிமேட்டிலும் ஆரப்பாளையத்திலும் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிற தொழிலாளி தெருக் குழாயை நம்புகிறான். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்தில் நடவுக்கும் களைக்கும் போகிற பெண், உச்சி வெயிலில் வாய்க்காலில் எது ஓடுகிறதோ அதையே கையால் அள்ளிக் குடிக்கிறாள். முந்தின இரவு நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தால் பழைய சோறு அமிர்தம். கெட்ட தண்ணீர் ஊற்றி வைத்தால் அதுவே விஷம்.

டைபாய்டு வந்தவன் இரண்டு மூன்று வாரம் படுக்கையில் கிடப்பான். ஈ.எஸ்.ஐ. உள்ள மில் தொழிலாளிக்குக் கூலியில் 70 சதமாவது கிடைக்கும். விவசாயக் கூலிக்கு என்ன கிடைக்கும்? வட்டிக்காரன் வீட்டு வாசல்தான் கிடைக்கும்.

இந்த வியாதிகளைத் தடுக்க உலகத்தில் மருந்து இல்லையா? இருக்கிறது. நம் நாட்டிலேயே, பக்கத்து ஐதராபாத்திலேயே தயாராகியிருக்கிறது. அப்படியானால் அது ஏன் நமது குழந்தைகளுக்கு வந்து சேரவில்லை? இதுதான் கேள்வி. இதற்குப் பதில் வைத்திய சாஸ்திரத்தில் இல்லை, சொத்துடைமையில் இருக்கிறது.

அழுக்கு யாருடையது?

“ஏழைகளுக்குச் சுத்தம் தெரியாது, கை கழுவுவதில்லை, கண்டதையும் தின்கிறார்கள், அதனால் வியாதி வருகிறது” என்று உபதேசம் செய்கிற கனவான்கள் உண்டு. அவர்களுக்கு வேலூரிலிருந்து பதில் வந்திருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி விஞ்ஞானிகள் முன்நின்று, 2017 முதல் 2020 வரை நாட்டின் சில இடங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வாராவாரம் கவனித்து, காய்ச்சல் வந்தால் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். புனே பக்கத்துக் கிராமத்தில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு 35 பேர் என்ற கணக்கில்தான் இந்தக் குடற்காய்ச்சல் கண்டது. வேலூர் நகரத்திலோ ஒரு லட்சத்துக்கு 1,173! அதாவது முப்பது மடங்குக்கும் மேல். புனே கிராமத்துத் தாய்க்கு மட்டும் கை கழுவத் தெரிந்தது, வேலூர்த் தாய்க்குத் தெரியவில்லை என்று எந்த அறிவாளியாவது சொல்லத் துணிவானா?

விஷயம் குழாயில் இருக்கிறது. நமது நகரங்களில் தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் வருவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நாளுக்கொரு முறை, சில மணி நேரம் வரும். தண்ணீர் நின்றதும் குழாய் வெறுமையாகிறது. வெறுங்குழாய் உறிஞ்சும். பக்கத்தில் சாக்கடை ஓடினால், பூமிக்கடியில் உடைந்த இணைப்பு வழியாக அந்தச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி தண்ணீர் திறந்துவிடும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். குடத்தைத் தேய்த்துக் கழுவியவளும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியவளும் அந்தத் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள்.

மதுரையின் நடுவே ஓடுகிற கிருதுமால் ஒரு காலத்தில் நதி. இன்று அதற்குப் பெயர் மட்டுமே நதி, ஓடுவது சாக்கடை. இதைச் சாக்கடையாக்கியது எந்தக் கூலிக்காரன்? 2022 ஜூலையில் காரைக்காலில் வாந்திபேதி பரவி, காலரா என்று உறுதியாகி, சுகாதார அவசர நிலை அறிவித்துப் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அங்கே ஊர் முழுவதும் ஒரே நாளில் கை கழுவ மறந்துவிட்டதா?

ஆகவே இந்த உபதேசத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். சுத்தம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கை கழுவுவோம்; தண்ணீரைக் காய்ச்சுவோம். ஆனால் காய்ச்சுவதற்கு காஸ் வேண்டும், காசு வேண்டும் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

ஊசி வந்த கதை

காலராவுக்குத் தடுப்பூசியை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் ஹாப்கின். ஒடெசாவில் பிறந்த யூதர். 1892-ல் தமது உடம்பிலேயே குத்திப் பார்த்தார். 1893-ல் கல்கத்தா வந்து இறங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்குக் குத்தினார். டைபாய்டுக்கு 1896-ல் ஊசி கண்டவர் பிரிட்டிஷ்காரரான ரைட். அந்த ஊசியைத் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் குத்தினார்கள். துப்பாக்கி பிடிக்கும் கைக்கு முதல் ஊசி. ஏர் பிடிக்கும் கைக்கு எல்லாம் முடிந்தபின். ஏகாதிபத்தியத்தின் வைத்தியம் அப்படி.

ஆனாலும் பொதுப் பணத்தில் நிலையங்கள் எழுந்தன. கிண்டியில் கிங் நிலையம், குன்னூரில் பாஸ்டர் நிலையம், சிம்லா மலைப்பக்கம் கசௌலியில் மத்திய ஆராய்ச்சி நிலையம். கிண்டியில் காலரா ஊசி மருந்து தயாராகித் தமிழ் ஜில்லாக்களுக்கெல்லாம் போன காலம் உண்டு. திருவிழாக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஊசி போட்டுக்கொண்டு போனதைப் பழைய தலைமுறை மறந்திருக்காது. கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும், ஒரு நாள் கூலி போகும். அப்படியும் அந்த ஊசி பாதிப் பேரைத்தான் காத்தது. அதுவும் சில மாதங்களுக்கே. அதனால்தான் 1973-ல் உலக சுகாதார சபை, தேசம் விட்டுத் தேசம் போகிறவர்களிடம் காலரா ஊசிச் சீட்டுக் கேட்பதை நிறுத்தியது.

இதைவிட நல்ல மருந்து வேண்டுமென்றால் நோயின் சூட்சுமம் தெரிய வேண்டும். அதைத் தெரியவைத்தவர் நம்மவர். கல்கத்தாவில் சம்புநாத் தே 1959-ல் நிரூபித்தார்: காலராக் கிருமி ரத்தத்தில் புகுந்து கொல்வதில்லை, குடலிலேயே தங்கி ஒரு விஷத்தைக் கக்குகிறது, அந்த விஷம் உடம்புத் தண்ணீரையெல்லாம் குடலுக்குள் இழுத்து வெளியே கொட்டிவிடுகிறது. போர் நடக்கிற இடம் குடல் என்றால், காவலும் குடலில்தான் வேண்டும். கையில் ஊசி குத்துவதைவிட, செத்த கிருமியை வாய்வழி குடிக்கக் கொடுத்துக் குடலுக்கே பயிற்சி கொடுப்பது மேல் என்ற எண்ணம் இந்த வழியில் வலுத்தது.

வியட்நாம் செய்தது

இதைச் செய்து காட்டிய நாடுகளில் ஒன்று எது தெரியுமா? அமெரிக்கக் குண்டுகள் பொசுக்கிய வியட்நாம்!

யுத்தம் 1975-ல் முடிந்தது. ஆனால் அமெரிக்காவின் வர்த்தகத் தடை 1994 வரை நீடித்தது. அந்த முற்றுகைக்குள் இருந்துகொண்டே ஹனோய் விஞ்ஞானிகள், சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கொடுத்த முறையை வாங்கி, செலவு கூடிய பகுதியை விட்டுவிட்டு, தங்கள் சர்க்கார் நிலையத்திலேயே குடிக்கும் காலரா மருந்தைத் தயாரித்தார்கள். ஹ்யூ நகரில் 1992–93-ல் மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தந்தது. அதன்பின் 2 கோடிக்கு மேற்பட்ட மருந்துகளைத் தங்கள் மக்களுக்குக் கொடுத்தார்கள்.

இதற்கிடையே 1992 இறுதியில் நமது சென்னைப் பக்கம் காலராவின் புதிய இனம் ஒன்று கிளம்பியது. ஓ139 என்று பெயர். பழைய மருந்து அதைத் தடுக்காது. வியட்நாம் தனது மருந்தில் அதற்கும் ஒரு பங்கு சேர்த்தது.

ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொள்ளும்படியான மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அன்று வியட்நாமில் இல்லை. எனவே ஐ.நா. வாங்கி மற்ற நாடுகளுக்குக் கொடுக்க வழியில்லை. அப்போது சியோலிலுள்ள சர்வதேச தடுப்பு மருந்து நிலையம் அந்த மருந்தைத் திருத்திச் செம்மைப்படுத்தி, ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனிக்குச் சொல்லிக் கொடுத்தது. 2006-ல் கல்கத்தாச் சேரிகளில், நமது சர்க்காரின் காலரா நிலையம் பங்குகொள்ள, பெரும் சோதனை நடந்தது. சுமார் 67,000 பேர் மருந்தையோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வேறு நீரையோ குடித்தார்கள். ஐந்து வருஷக் கணக்கில் 65 சதம் பாதுகாப்பு என்று தெரிந்தது. 2009-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2011-ல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. மருந்தின் பெயர் ஷான்கால்.

கணக்குப் பாருங்கள், தோழர்களே. அறிவு கல்கத்தாவிலும் சுவீடனிலும் பிறந்தது. உழைப்பு ஹனோயில் நடந்தது. திருத்தியது சர்வதேச நிலையம். சோதனைக்கு உடம்பைக் கொடுத்தது கல்கத்தாச் சேரி மக்கள். கடைசியில் மருந்து யார் பெயரில் பதிவானது? ஒரு கம்பெனியின் பெயரில்!

கம்பெனி கடையைக் கட்டியது

அதே 2009-ல் அந்த ஐதராபாத் கம்பெனியை பிரெஞ்சு மருந்து ஏகபோகமான சனோபி வாங்கிவிட்டது. வாங்கியவனுக்குக் காலரா மருந்தில் என்ன அக்கறை? காலரா வருவது ஏழை நாடுகளில். வாங்குவது ஐ.நா. விலையோ ஒரு மருந்துக்கு இரண்டு டாலர்கூட இல்லை. சில வருஷம் பார்த்தார்கள். பிறகு நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். 2023-க்குள் நிறுத்தியும் விட்டார்கள்.

எந்தச் சமயத்தில் நிறுத்தினார்கள்? உலகத்தில் காலரா மறுபடி தலைவிரித்தாடிய சமயத்தில்! 2022 அக்டோபரில் மருந்து போதாமல், இரண்டு வேளை கொடுக்க வேண்டியதை ஒரு வேளையாகக் குறைக்கும்படி ஆயிற்று. 2023-ல் உலகெங்கும் 5,35,000-க்கு மேற்பட்டோருக்குக் காலரா கண்டது. 4,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இது சர்க்கார்கள் ஒப்புக்கொண்ட கணக்கு மட்டுமே. 2024 தொடக்கத்தில் உலகக் கையிருப்பு காலி. உலகம் முழுவதற்கும் ஐ.நா.வுக்குக் கொடுக்க மிஞ்சியது தென்கொரியாவின் ஒரே ஒரு கம்பெனி.

கம்பெனி என்ன சமாதானம் சொன்னது? மொத்த உற்பத்தியில் எங்கள் பங்கு சிறியது, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தானே நிறுத்தினோம் என்றது. ஊரில் இரண்டே கிணறு இருக்க, சின்னக் கிணற்றுக்காரன் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடினால் தாகம் தீர்ந்துவிடுமா? முன்னறிவிப்புக் கொடுத்து மூடப்பட்ட மில்களைப் பார்த்த மதுரைத் தொழிலாளிக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. லாபம் இருக்கும்வரை “தேச சேவை”. லாபம் குறைந்தால் பூட்டு.

2024-ல் ஐதராபாத்திலேயே பாரத் பயோடெக் கம்பெனி ஹில்கால் என்ற வேறொரு காலரா மருந்துக்கு அனுமதி பெற்றது. நல்லது. ஆனால் அதையும் நாளை ஒரு பெரிய திமிங்கலம் விழுங்கினால்? அல்லது லாபம் இல்லையென்று அவர்களே கைவிட்டால்? அதற்கு என்ன உத்தரவாதம்?

டைபாய்டு மருந்தும் அண்டை நாடும்

டைபாய்டின் கதை இன்னும் வெட்கக்கேடு.

டைபாய்டுக் கிருமி சர்க்கரைப் பொருளால் ஆன ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சட்டையை மட்டும் காட்டினால் சின்னக் குழந்தையின் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. எனவே அதை ஒரு புரதத்தோடு பிணைத்து ஊசியாக்கினார்கள். இப்போது ஆறு மாதக் குழந்தைகூட எதிரியை நினைவில் வைத்துக்கொள்கிறது. இந்த ஊசிக்கு இந்தியாவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. நேபாளத்திலும் ஆப்பிரிக்காவின் மலாவியிலும் நடந்த சோதனைகளில் நூற்றுக்கு எண்பது பங்கு நோயைத் தடுத்தது.

பாகிஸ்தானில் சிந்து மாகாணத்தில் 2016 முதல் எந்தச் சாதாரண மருந்துக்கும் அடங்காத டைபாய்டு பரவியது. 2019-ல் பாகிஸ்தான், உலகிலேயே முதலாவதாக, இந்த ஊசியைத் தனது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. 2022-ல் நேபாளம் சேர்த்தது. அந்த ஊசி எங்கே தயாரானது? நமது ஐதராபாத்தில்! நமது தொழிலாளியின் கை செய்த மருந்து கராச்சிக் குழந்தைக்கும் காத்மண்டுக் குழந்தைக்கும் போனது. போகட்டும், மகிழ்ச்சி, அவர்களும் உழைப்பாளி பெற்ற பிள்ளைகளே. ஆனால் செல்லூர்க் குழந்தை என்ன பாவம் செய்தது?

நமது நாட்டில் 2018-ல் நவி மும்பை மாநகராட்சி தனது பகுதியில் கொடுத்துக் காட்டியது. தேசிய ஆலோசனைக் குழு 2022-ல் பரிந்துரை செய்தது. பரிந்துரைக் காகிதம் மேஜையிலிருந்து மேஜைக்கு நகர்வதற்குள் எத்தனை குழந்தைகள் காய்ச்சலில் கிடந்தன? ஏழை நாடுகளுக்கு ஐ.நா. வாங்கிய விலை ஒன்றரை டாலர், அதாவது நூற்றுச் சொச்சம் ரூபாய். நமது ஊரில் தனியார் டாக்டரிடம் போட்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டு குழந்தை இருந்தால் இரண்டாயிரம். களை பறிக்கிற பெண்ணுக்கு இது எத்தனை நாள் கூலி என்று டில்லியில் யாராவது கணக்குப் போட்டார்களா?

நமது நிலையங்களை மூடியது யார்?

“சர்க்காருக்கு மருந்து செய்யத் தெரியாது, தனியார்தான் செய்ய முடியும்” என்கிறார்கள். தெரியாமல் போனதா, தெரியாமல் ஆக்கினார்களா?

2008 ஜனவரியில் மத்திய சுகாதார இலாகா குன்னூர், கிண்டி பி.சி.ஜி., கசௌலி ஆகிய மூன்று பொதுத்துறை நிலையங்களின் உரிமத்தை ஒரே அடியாக நிறுத்தி வைத்தது. கட்டிடமும் யந்திரமும் புதிய தரத்துக்கு ஏற்றபடி இல்லை என்பது காரணம். இருக்கட்டும், தரம் வேண்டியதே. குழந்தைக்குப் போடுகிற மருந்தில் தரக்குறைவை நாம் ஒருநாளும் ஆதரிக்க மாட்டோம். ஆனால் வீடு ஒழுகினால் கூரையை மாற்றுவார்களா, குடியிருப்பவனைத் துரத்துவார்களா? பல வருஷமாகப் பணம் ஒதுக்காமல் நிலையங்களைப் பழசாக விட்டவர்கள் யார்? 2009-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே இந்த நடவடிக்கையைக் கண்டித்தது. 2010-ல் தடை நீங்கியது. இடையில் சர்க்கார் மருந்துக்குத் தனியாரிடம் கையேந்தியது.

பிறகு செங்கல்பட்டில் 100 ஏக்கரில் ஒரு மாபெரும் தடுப்பு மருந்து வளாகம் கட்டினார்கள். 2012-ல் ஒப்புக்கொண்ட தொகை சுமார் 600 கோடி ரூபாய். மக்கள் பணம்! 2021-ல் கொரோனாவில் ஜனங்கள் மூச்சுத் திணறிச் செத்தபோது அந்த வளாகத்திலிருந்து ஒரு புட்டி மருந்துகூட வெளிவரவில்லை. முதல்வர் ஸ்டாலின் அவ்வருஷம் மே மாதம் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்திடம் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று கேட்டார். மத்திய சர்க்காரோ அதற்கு முன்பே தனியாரைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தது. கட்டுவது நம் பணத்தில். ஓட்டுவது அவன் லாபத்துக்கு!

வியட்நாமுக்கு முற்றுகைக்குள் இருந்துகொண்டு முடிந்தது, நமக்கு முடியாதா? யந்திரம் இருக்கிறது, விஞ்ஞானி இருக்கிறான், தொழிலாளி இருக்கிறான். மனம் இல்லாதது ஆட்சியில்தான்.

தண்ணீரா, மருந்தா?

நமது தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: “நல்ல தண்ணீர் கொடு என்று போராட வேண்டிய நாம், மருந்து கொடு என்று கேட்கலாமா? ஊசியைக் குத்திவிட்டுக் குழாயை மறந்துவிட மாட்டானா?”

நியாயமான சந்தேகம். ஆட்சியாளர் அப்படிச் செய்யக்கூடியவர்களே. ஆனால் இதனால் மருந்தை வேண்டாமென்பது தவறு. நகரம் முழுவதும் குழாய் மாற்றப் பத்து வருஷம் ஆகும். இந்த வருஷம் பிறந்த குழந்தை பத்து வருஷம் சாக்கடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமா? எட்டு மணி நேர வேலை கேட்டவன், அதுவரை கூலி உயர்வு வேண்டாம் என்றா சொன்னான்? மருந்து 65-ம் 80-ம் தான் காக்கும். மீதியைக் காக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வர நாளாகும். அதுவரை காக்க மருந்து வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவன் இரண்டையும் கொடுக்காதவனே.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. டைபாய்டு தடுப்பூசியை ஒவ்வொரு குழந்தைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகப் போடு. காலரா தலைகாட்டும் ஊரில் குடிக்கும் மருந்தை எல்லோருக்கும் கொடு.

2. செங்கல்பட்டு வளாகத்திலும் குன்னூர், கிண்டி நிலையங்களிலும் பொதுத்துறையிலேயே இந்த மருந்துகளைத் தயார் செய். தனியாருக்கு விற்காதே.

3. பொது நிலையங்களின் உதவியால் உருவான மருந்தைக் கம்பெனி கைவிட்டால், அதன் செய்முறை சர்க்கார் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும் என்று சட்டம் செய்.

4. மதுரையில் சாக்கடைக் குழாயையும் குடிநீர்க் குழாயையும் பிரி. தெருவாரியாகத் தண்ணீரைச் சோதித்து முடிவை வார்டு அலுவலகத்தில் ஒட்டு.

5. மில்லிலும் வயலிலும் வேலைத் தலத்திலேயே சுத்தமான குடிநீர் கொடு. கக்கூசிலிருந்து ஆறு மீட்டருக்குள் குடிநீர் வைக்காதே என்ற விதியைத் தொழிற்சாலைச் சட்டத்தில் தொழிலாளிகள் சும்மா பெறவில்லை. தடுப்பூசி போடும் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடு.

மில் வாசல் கூட்டத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையிலும் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். வார்டு கவுன்சிலரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் நேரில் பார்த்துக் கேளுங்கள்: இந்தத் தெருக் குழாயைக் கடைசியாகச் சோதித்தது எந்தத் தேதியில்? இந்த ஊர்க் குழந்தைகளுக்கு டைபாய்டு ஊசி எந்தத் தேதியில்? பதில் வரும்வரை விடாதீர்கள்.

சேரி மக்கள் உடம்பைக் கொடுத்துச் சோதித்த மருந்து சேரி மக்களின் சொத்து. அதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை!